கூட்டக் குறிப்பு, பொருள் நான்கு

தூர்க்கு நகரம். பிப்ரவரி.
ஔரா ஆறு உறைந்து கிடக்கிறது,
அதன்மேல் யாரோ நாயோடு போகிறார்.

என் வேலை எழுதுவது.
அறிவியல் ஆலோசனைக் குழுவில் ஐந்து பேர்.
நிறுவனம் சொல்வதை உடனே நம்பாமல் இருப்பது
அவர்கள் பணி. அதற்குத்தான்
ஊதியம், விமானச் சீட்டு, இந்தக் கசப்புக் காப்பி.

பொருள் ஒன்று, போன கூட்டத்துக் குறிப்பு ஏற்பு.
இரண்டு, மருந்தளவு.
ஏறிப் போகும் ஒரு கோட்டைப் பேனாவால் தட்டி
"மூன்று பேரை வைத்துக்கொண்டு மலை வரையாதீர்கள்"
என்றார் நார்வேக்காரர் த்வேய்ட்.
எழுதினேன்: உயர்த்தப் பரிந்துரை இல்லை.
மூன்று, ரீகாவின் இல்ஸெ கொண்டுவந்த திசுப் படங்கள்.
"இங்கே வைரஸ் நுழைந்திருக்கிறது,
புற்றுச் செல்கள் வெடித்திருக்கின்றன.
இங்கே வாசலிலேயே நின்றுவிட்டது.
ஏன் என்று தெரியாது."
'தெரியாது' என்பதையும் எழுதச் சொன்னார்.

நான்காவது, ஒரு கடிதம்.
ஏழாம் எண் நோயாளி, கோர்ப்போ தீவு,
செவிலியின் கையில் கொடுத்தனுப்பியது.

*கோழிகளுக்கு வரும் வைரஸைப் பழக்கி
என் ஈரலுக்குள் ஏற்றியிருக்கிறீர்கள்.
தெரிந்துதான் கையெழுத்திட்டேன்.
எனக்குப் பதினொரு கோழிகள்.
ஸ்வேயா, மய்லிஸ், தூரா, நொண்டி எப்பா...
நான் வீடு திரும்பினால் அவை சாகுமா?*

எண் மட்டுமே உள்ளவரின் கோழிகளுக்குப்
பெயர் இருந்தது.

அறுபத்திரண்டு பக்க நெறிமுறையைப் புரட்டினார்கள்.
ஓர் அடிக்குறிப்பில் கிடைத்தது:
பறவைகளோடு நெருக்கம் தவிர்க்கப்பட வேண்டும்.
யார் தவிர்ப்பது, எத்தனை நாள்,
ஒன்றுமில்லை.

முள்ளை முள்ளால் எடுக்கலாம், சரி.
எடுத்த முள் எங்கே விழுந்தது,
அடுத்து அவ்வழியே வரும் கால் யாருடையது
என்று கேட்டிருக்க வேண்டியவர்கள்
காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

தலைவர் ஔலிக்கி ரன்தசாலோ
தார்த்துவுக்குத் தொலைபேசினார்.
கால்நடை மருத்துவர், பெயர் குக்.
அவர் மொழியில் அதற்குச் சேவல் என்று பொருள்.
ஒருவரும் சிரிக்கவில்லை.

"முப்பது நாள் விலகியிருக்கட்டும். எதற்கும் நாற்பது."

"அவருக்கு எத்தனை நாள் இருக்கிறது?" இல்ஸெ கேட்டார்.
த்வேய்ட் மட்டும், தாழ்ந்த குரலில்,
நடுமதிப்பைச் சொன்னார்: நூற்றிருபது.

வகுத்தல் எனக்கும் தெரியும்.

"பாதுகாப்புதான் முக்கியம்" என்றார் நிறுவன இயக்குநர்.
"ஆமாம்" என்றார் ஔலிக்கி. "யாருடையது?"

ஒலிபெருக்கியில் கரகரப்பு. பிறகு குக்:
"அப்படியானால் நாளை எண்ண வேண்டாம்.
சிறுநீரையும் எச்சிலையும் பாருங்கள்.
மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை
வைரஸ் இல்லையென்றால் கூண்டைத் திறக்கட்டும்.
அதுவரை தீனி போட வேறு ஆள்.
காற்று கோழிகளிடமிருந்து அவர் பக்கம் வீசும்போது
தள்ளி ஒரு நாற்காலி போட்டு உட்காரலாம்.
எவ்வளவு தள்ளி? இருபது மீட்டர்.
சத்தம் கேட்கும்."

நாற்காலியை எப்படி எழுதுவது என்று கேட்டேன்.
"நாற்காலி என்றே" என்றார் ஔலிக்கி.
ஐவரும் கை தூக்கினார்கள்.
கீழே நாயும் அந்த மனிதரும்
மறுகரை ஏறியிருந்தார்கள்.

மே மாதக் கூட்டம். ஆற்றில் படகுகள்.
பொருள் ஒன்று, போன கூட்டத்துக் குறிப்பு ஏற்பு.
ஏழாம் எண்: கட்டியில் சிறு சுருக்கம்.
"ஒருவர் என்பது முடிவல்ல" என்றார் த்வேய்ட்.
ஆனாலும் படத்தை அவர்
இரண்டு முறை வாங்கிப் பார்த்தார்.

இதர செய்திகள்:
தீவிலிருந்து ஒரு பெட்டி வந்தது. ஆறு முட்டைகள்.
சோதித்ததில் வைரஸ் இல்லை.
விதிப்படி எரிக்கப்பட்டன.
எரித்தவை ஐந்து என்கிறது ஆய்வகப் பதிவு.

குழு கேள்வி எதுவும் எழுப்பவில்லை.